யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்

மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. வயதில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் அதுவே அவர்களுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. பெரிய மாப்பிள்ளை வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில் நிரல் எழுதுகிறவர், அதிகம் பேசமாட்டார். சின்ன மாப்பிள்ளை பல வருஷம் தையல் மெஷின் விற்றவர். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு என்ன வேண்டும் என்பதை இவரே சொல்லிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சாப்பிட்ட தட்டுகளை எடுப்பதற்கு முன்பே சின்ன மாப்பிள்ளை தன் டேப்லெட்டைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து நிறுத்தினார்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. நம்ம கம்பெனியோட புது சாஃப்ட்வேர்."

திரையில் நீளமான ஒரு துணி விரிந்தது. சட்டையின் முதுகு, முன்பக்கம், கை, காலர் என்று துண்டுகள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. பெரிய துண்டுகள் முதலில் வந்து இடம் பிடித்தன. சின்னத் துண்டுகள் கொஞ்சம் தயங்கி, தலைகீழாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பெரியவற்றுக்கு நடுவே இருந்த இடுக்குகளில் போய்ப் பொருந்தின. கடைசியில் துணியில் வீணாகிற பகுதி மட்டும் மெல்லிய கீற்றாகச் சிவப்பில் தெரிந்தது.

பெரிய மாப்பிள்ளை கையில் இருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. அந்தத் தயக்கம் அவர் எழுதியது. துண்டைத் திருப்பிப் பார்க்கிற அந்த வரிகளைச் சரிசெய்ய அவர் எத்தனை சாயங்காலங்களைச் செலவழித்திருப்பார் என்று அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

"இது மிச்சம்தானே?" என்றார்.

"என்ன மிச்சம்? அடுப்படியிலயா?" என்றார் மாமனார், அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு.

"இல்ல மாமா, சகலை எழுதின புரோகிராமுக்கு மிச்சம்னு பேரு," என்று சின்ன மாப்பிள்ளை சிரித்தார். "ஆமா சகலை, அதுதான் அடிப்படை. அதுக்கு மேல நாங்க நிறைய பண்ணியிருக்கோம். உங்க பேரைக்கூட மறக்காம போட்டிருக்கேன், பாருங்க."

எங்கோ ஒரு மூலையைத் தொட்டார். ஒரு பக்கம் திறந்தது. அதில் விரலால் தள்ளிக்கொண்டே போய், கிட்டத்தட்ட அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் பெரிய மாப்பிள்ளையின் பெயரைக் காட்டினார்.

"லைசென்ஸ்ல நீங்க கேட்டது அவ்வளவுதானே. பேர் இருக்கணும், லைசென்ஸோட அந்த ரெண்டு பாராவும் இருக்கணும். ரெண்டும் இருக்கு."

மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியவில்லை. "சும்மா கிடந்ததை எடுத்து ஆளாக்கிட்டாரே சின்ன மாப்பிள்ளை," என்று மட்டும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது.

மிச்சம் உண்மையில் பெரிய மாப்பிள்ளையின் அக்காவுக்காகப் பிறந்தது. அவள் ஒரு சின்ன தையல் கூடம் நடத்துகிறாள். தெருவைப் பார்த்த நீள அறை, ஏழெட்டு மெஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை. வெட்டியது போகக் கூடை கூடையாகத் துணி வீணாகிறது என்று அவள் புலம்பிக்கொண்டே இருந்ததால், துண்டுகளைத் துணிமேல் நெருக்கி அடுக்கிக் காட்டும் ஒரு புரோகிராமை அவர் எழுதிக் கொடுத்தார். அது நன்றாக வேலை செய்ததும் அதை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். என்ன உரிமம் வைப்பது என்று நிறையப் படித்துப் பார்த்தார். எடுத்து மாற்றுகிறவன் தன் மாற்றத்தையும் மற்றவர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமங்கள் இருந்தன. அவை பக்கம் பக்கமாக நீண்டன. கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது மிகச் சின்னதை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவன் பெயரை மட்டும் நீக்கக் கூடாது.

"யாராச்சும் எடுத்து வித்துட்டா?" என்று அப்போதே மனைவி கேட்டாள்.

"விக்கட்டுமே. கொடுத்துட்டு, இதுக்கு மட்டும்தான், அதுக்கு மட்டும்தான்னு பின்னாடியே போனா அது கொடுத்ததா ஆகுமா?"

அந்தப் பதில் அவருக்கே பிடித்துப்போயிற்று. பிறகு ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டபோதும் அதையே சொன்னார். கை தட்டினார்கள். அவர் மனசில் அன்றைக்கு மிச்சத்தை எடுத்துக்கொள்கிற ஆள் எங்கோ தூரத்தில், முகம் இல்லாமல் இருந்தான். அந்த முகம் சகலையின் முகமாக இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகும் ஆறவில்லை. சின்ன மாப்பிள்ளையின் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். எத்தனை கூடங்கள் வாங்கியிருக்கின்றன, யார் என்ன பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தார். பாராட்டாத ஒருவன் கிடைத்தால் அதை இரண்டு தடவை படித்தார். 'சில நேரம் நின்றுவிடுகிறது' என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பிறகுதான் உறைத்தது, நின்றுவிடுகிற அந்த இடமும் தான் எழுதியதாகத்தான் இருக்கும் என்று.

அந்த வாரமே அக்காவின் கூடத்துக்குப் போனார். மிச்சத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்பதுதான் நினைப்பு. மேஜையில் அக்கா விரித்து வைத்திருந்த திரையில் சின்ன மாப்பிள்ளையின் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது.

"நீயுமா?" என்றார்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "என்னடா நீயுமா? உன்னோடதுல கட்டம் போட்ட துணி வராதே. எத்தனை தடவை கேட்டேன்? சட்டையைத் தைச்சா ரெண்டு பக்கமும் கட்டத்தோட கட்டம் சேரணும். ஒரு நூல் தள்ளினாலும் வாங்கறவன் திருப்பிக் கொடுத்துடறான். இதுல அழகா சேருது."

"பண்றேன்னு சொன்னேன்ல."

"சொன்னே. போன வருஷமும் சொன்னே. எனக்கு ஆர்டர் நிக்குமா அதுவரைக்கும்?" பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "உன்னோடதுதானே உள்ளே இருக்குன்னு அவரே சொன்னார். வீட்டுக்குள்ளதானே இருக்கு. விடு."

வீட்டுக்குள் இருந்ததுதான் பிரச்சினை. வெளியாள் என்றால் அவர் என்றைக்கோ மறந்திருப்பார்.

கட்டம் சேர்ப்பது லேசான வேலை இல்லை. பெரிய மாப்பிள்ளை பல தடவை முயன்று பார்த்துக் கைவிட்டது அது. துண்டை நெருக்கினால் கட்டம் தவறும். கட்டத்தைச் சேர்த்தால் துணி வீணாகும். நிரலில் அந்த இடத்தில் 'இது சரியில்லை. வேறு வழி இருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை' என்று அவரே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். மெஷின் விற்றுக்கொண்டிருந்த ஆள் இதை எப்படிச் செய்தார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு சகலையின் அலுவலகத்துக்குப் போனார்.

மாடியில் மூன்று அறைகள். புது நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. சின்ன மாப்பிள்ளை வாசல்வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். ஜன்னலோரம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"இவங்கதான் நம்ம ஹெட்போன். பேர் சொல்லிக் கூப்பிட்டா காதுல விழாது," என்றார் சின்ன மாப்பிள்ளை. "கட்டம் சேர்க்கறது எல்லாம் இவங்க கைவேலை." அதற்குள் போன் வந்து, அவர் பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்.

யார் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். "சார், மிச்சம் எழுதினது நீங்கதானே? புரோகிராம் எழுதறதே உங்களோடதைப் படிச்சுத்தான் சார் நான் கத்துக்கிட்டேன். காலேஜ்ல இருக்கும்போது. நீங்க ஒரு இடத்துல எனக்குத் தெரியலைன்னு எழுதியிருந்தீங்க இல்ல? பெரியவங்க யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்ல. அங்கேருந்துதான் ஆரம்பிச்சேன்."

நிரலைத் திரையில் காட்டினாள். பெரிய மாப்பிள்ளை குனிந்து படித்தார். முதலில் துண்டுகளை அடுக்கிவிட்டுப் பிறகு கட்டத்தைச் சேர்க்கப் பார்த்தவர் அவர். அவளோ, தைக்கும்போது ஒன்றோடொன்று சேரப்போகும் துண்டுகளை முதலிலேயே ஜோடியாகக் கட்டிவிட்டு, அந்த ஜோடியையே ஒரே துண்டுபோல நகர்த்தினாள். அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் வரிகள். படிக்கப் படிக்க அவர் காது சூடாகியது. சின்ன மாப்பிள்ளைமேல் இருந்த எரிச்சல் வேறு. இவன் விற்கிறான், நான் விற்கவில்லை என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இது அப்படி இல்லை. தன்னிடம் திக்கித் திக்கிப் பேசிய பிள்ளை, யாரோ ஒருத்தியின் மடியில் உட்கார்ந்து சரளமாகப் பேசுவதைப் பார்ப்பது போல இருந்தது.

"நல்லா இருக்கு," என்றார்.

"உங்க மிச்சத்துலயே இதைச் சேர்த்துடலாம்னு நான் சொன்னேன் சார்." அவள் அடுத்த அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "இவர் ஒத்துக்கலை. நீங்க கொடுத்த லைசென்ஸ்ல திருப்பிக் கொடுக்கணும்னு இல்லையாமே. இங்க எழுதறது எல்லாம் கம்பெனியோடதுன்னு சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கேன். நாளைக்கு நான் வேற இடத்துக்குப் போனா இதை எடுத்துட்டுப் போக முடியாது. நான் எழுதினதுன்னு காட்டக்கூட முடியாது. உங்க பேராச்சும் அந்தக் கடைசிப் பக்கத்துல இருக்கு. என் பேர் எங்கயும் இல்ல."

பெரிய மாப்பிள்ளை கிளம்பினார்.

அவருக்கும் அதேபோல ஒரு கையெழுத்து இருந்தது. வேலையில் இருக்கும் காலத்தில் எழுதும் நிரல் எதுவும் கம்பெனிக்குச் சொந்தம் என்று அவர் கம்பெனியிலும் எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் சேர்ந்திருந்தார்கள். மிச்சத்தை வீட்டில்தான் எழுதினார் என்றாலும், சில பகுதிகளை மதிய இடைவேளையில் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே தட்டியிருந்தார். இத்தனை நாள் அது ஞாபகத்துக்கு வந்தால் லேசாகப் பயமாக இருக்கும். இப்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, அதில் ஒரு வழி தெரிந்தது. மிச்சம் கம்பெனிக்குச் சொந்தம் என்றால் அதைத் திறந்துவிட அவருக்கு அதிகாரமே இருந்திருக்காது. அதிகாரம் இல்லாதவன் கொடுத்த உரிமம் செல்லாது. செல்லாது என்றால் சகலையின் கடை மூடும். மிச்சமும் போய்விடும்தான். போகட்டுமே.

மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா கூடத்துல வேலை நடக்குதே, அது?"

"வேற ஏதாவது வாங்கிக்குவா."

"எதுக்கு இதெல்லாம்?"

"அந்தப் பொண்ணு எழுதினதை அமுக்கி வச்சிருக்கார். அநியாயம் இல்லையா?"

"அந்தப் பொண்ணு எழுதினதும் சேர்ந்துதானே முடங்கிப்போகும். அப்புறம் அந்தப் பொண்ணுக்காகன்னு எப்படிச் சொல்றீங்க?" மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள். "தங்கச்சி புருஷன் மேல வயித்தெரிச்சல்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். எனக்கே கொஞ்சம் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணை இழுக்காதீங்க."

அவர் மறுநாள் அலுவலகத்தில் சட்டப் பிரிவு அதிகாரியின் அறைக் கதவைத் தட்டினார்.

அந்த அம்மாள் மேஜை முழுக்கக் காகிதக் கட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை எழுதிய விஷயம், இணையத்தில் விட்ட விஷயம், சகலை எடுத்துக்கொண்ட விஷயம், அலுவலகக் கம்ப்யூட்டரில் தட்டிய விஷயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"துணி வெட்டறதுக்கா?"

"ஆமாங்க."

"நம்ம கம்பெனி என்ன பண்ணுது?"

"பேங்க் சாஃப்ட்வேர்."

"அப்ப இது நமக்கு எதுக்கு?" அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "பயந்துட்டு வந்திருக்கீங்க, அதானே? பின்னாடி தெரிஞ்சா வேலை போயிடும்னு. உங்களை மாதிரி வருஷத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்க. அதுக்கெல்லாம் ஒரு வழி இருக்கு."

"இல்லங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இருங்க." அதிகாரி கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். பக்கத்தில் இருந்த பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. "இதுல கம்பெனிக்கு எந்தப் பாத்தியதையும் இல்ல, இனிமேலும் கேட்காதுன்னு எழுதிக் கொடுத்தாச்சு. மேலதிகாரிகிட்ட நானே கையெழுத்து வாங்கி அனுப்பறேன். நிம்மதியாப் போங்க. இது முழுக்க முழுக்க உங்களோடது."

பெரிய மாப்பிள்ளை நன்றி சொன்னார். வேறென்ன சொல்வது? லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சகலையின் கழுத்தை நெரிக்கக் கயிறு கேட்டுப் போனவரை, அவரையே கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் எழுதியதில் இனி யாருக்கும் பங்கு இல்லை. அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அப்படி இருந்தும், மாமனார் வீட்டு மேஜையில் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அதே புழுக்கம்தான் நெஞ்சில் இருந்தது.

அதற்கப்புறம் அவர் எழுத உட்கார்ந்தார். நல்ல எண்ணத்தில் உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. கட்டம் சேர்ப்பதில் அவளை மிஞ்ச முடியாது என்று தெரிந்திருந்தது. அவளும் செய்யாத ஒன்று வேண்டும். அக்கா மலிவாக வாங்கும் துணிகளில் கறை, ஓட்டை, நூல் விட்ட இடம் என்று ஏதாவது இருக்கும். அவற்றைத் தவிர்த்து வெட்டுவதற்குள் பாதித் துணி போய்விடும். துணியை விரித்து மேலேயிருந்து ஒரு படம் எடுத்தால், பழுதான இடங்களைத் தானே கண்டுபிடித்து, அவற்றைச் சுற்றித் துண்டுகளை அடுக்குகிற மாதிரி எழுதினார். மழைக்காலம் முழுக்க அந்த வேலை ஓடியது. வேலை முடிந்து வந்ததும் உட்காருவார். மனைவி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது எழுந்திருப்பார். எழுதும்போது சகலையை நினைத்துக்கொள்வார். நினைத்தால் விரல் வேகமாக ஓடியது.

முடித்ததும் அதைச் சேர்த்து மிச்சத்தின் புதுப் பதிப்பை வெளியிட்டார். இந்தத் தடவை அந்தப் பக்கம் பக்கமாக நீண்ட உரிமத்தை வைத்தார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விற்கலாம். ஆனால் தன்னுடையதில் சேர்த்து அடுத்தவருக்குக் கொடுத்தால், சேர்த்த முழுவதையும் இதேபோலத் திறந்து கொடுக்க வேண்டும். பழைய பதிப்புகளுக்கு இது பொருந்தாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

அக்கா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்டா ஒரு உருப்படியான காரியம் பண்ணியிருக்கே," என்றாள். கட்டம் போட்ட துணிக்கு அதையும், கறைத் துணிக்கு இதையுமாக இரண்டையும் வைத்துக்கொண்டாள். மற்ற கூடங்களிலும் பேச்சுப் பரவியது.

ஒரு சனிக்கிழமை காலை சின்ன மாப்பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டார். வழக்கமான சிரிப்பு இல்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"என்ன சகலை, பூட்டிட்டீங்க?"

"பூட்டலையே. திறந்துதான் இருக்கு. எடுத்துக்கோங்க."

"எடுத்தா என்னோடதை எல்லாம் திறக்கணுமாம். ஹெட்போன் சொல்லுது. பெரிய கூடம் ஒண்ணு, கறைத் துணி வரலைன்னா எங்களுக்கு வேணாம்கறாங்க. சரி, நீயே சொந்தமா எழுதும்மான்னா, நான் அவரோடதைப் படிச்சுட்டேன், இனிமே எழுதினா அதுவேதான் வரும்னு கையை விரிக்குது. அது வேணும்னே சொல்லுதுன்னு எனக்குத் தோணுது."

மனைவி இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவுப் பக்கம் நின்றாள்.

"நீங்கதானே சகலை மேடையில பேசினீங்க," என்றார் சின்ன மாப்பிள்ளை. "கொடுத்துட்டுப் பின்னாடியே போனா அது கொடுத்ததே இல்லைன்னு. நான் அந்தக் கூட்டத்துல கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். அதைக் கேட்டுட்டுத்தான் வேலையை விட்டேன். சுதந்திரம்னு அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க. இப்ப அதுக்குக் கண்டிஷன் போடறீங்க. எது சுதந்திரம்?"

அவர் கூட்டத்துக்கு வந்திருந்தது பெரிய மாப்பிள்ளைக்குத் தெரியாது. காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"அன்னைக்கு நான் யோசிச்சது எடுக்கறவனை மட்டும்தான். அவன் இஷ்டப்படி பண்ணட்டும்னு விட்டேன். நீங்க எடுத்தீங்க, உங்களுக்குச் சுதந்திரம். உங்ககிட்ட வாங்கின எங்க அக்காவுக்கு என்ன இருக்கு? நாளைக்கு நீங்க நிறுத்தினா அவ கையில ஒண்ணும் இருக்காது. அந்தப் பொண்ணு எழுதினதை அதுவே எடுத்துட்டுப் போக முடியாது. ஒரு கை மாறினதும் முடிஞ்சுபோச்சு இல்ல?"

"நல்லாத்தான் பேசறீங்க. ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. இதையெல்லாம் யோசிச்சுத்தான் இந்த லைசென்ஸைப் போட்டீங்களா? இல்ல என் மேல இருக்கற எரிச்சல்லயா?"

கதவருகே மனைவி அசையாமல் நின்றாள்.

"எரிச்சல்லதான் போட்டேன்," என்றார் பெரிய மாப்பிள்ளை. "நீங்க மாமா முன்னாடி அந்த டேப்லெட்டை வச்சீங்க பாருங்க, அன்னையிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை. மத்ததெல்லாம் அப்புறம் யோசிச்சது. யோசிச்சுப் பார்த்தா அதுவும் சரியாத்தான் இருந்துச்சு."

சின்ன மாப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. விற்பனை செய்து பழகியவருக்கு, எதிராளி விலையைத் தானே சொல்லிவிட்டால் அடுத்து என்ன பேசுவது என்று தெரியாது. காபியைக் குடித்து முடித்தார்.

"எனக்கும் உங்க மேல உண்டு," என்றார். "மெஷின் வித்துட்டு வர்றவனை மாமா எப்பவாச்சும் கூப்பிட்டு உட்கார வச்சிருக்காரா? பெரிய மாப்பிள்ளை படிச்சவர், பெரிய மாப்பிள்ளை எழுதறவர்னு அஞ்சு வருஷம் கேட்டிருக்கேன். அந்த டேப்லெட்டை உங்களைப் பார்க்க வைக்கத்தான் வச்சேன்."

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சமாதானம் ஆனார்கள் என்றும் சொல்ல முடியாது. சின்ன மாப்பிள்ளை இரண்டு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடைசியில் அந்தப் பெரிய கூடத்தை விட அவருக்கு மனசு வரவில்லை. புதுப் பதிப்பைத் தன்னுடையதோடு சேர்த்துக்கொண்டார். சாஃப்ட்வேரை விற்பதை விட்டுவிட்டு, கூடங்களில் அதைப் பொருத்திக் கொடுப்பது, ஆட்களைப் பழக்குவது, கெட்டால் ஓடி வந்து சரிசெய்வது என்று தொழிலை மாற்றிக்கொண்டார். பேச்சில் கெட்டிக்காரர். அதிலும் பிழைத்துக்கொண்டார். பழைய உயரம் வரவில்லை, விழவும் இல்லை.

அவருடைய நிரல் முழுவதும் வெளியே வந்தது. கட்டம் சேர்க்கும் பகுதியின் தலையில் ஹெட்போனின் உண்மையான பெயர் இருந்தது. அதைத் தானே போட்டுவிட்டுக் காட்ட வந்ததாகவும், சின்ன மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் தலையாட்டியதாகவும் அவள் பெரிய மாப்பிள்ளைக்குப் போனில் சொன்னாள்.

பெரிய மாப்பிள்ளை அவள் பகுதியை மிச்சத்தோடு சேர்த்தார். அக்காவுக்கு இப்போது ஒன்றே போதும். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கடிதங்கள் வந்தன. கட்டம் பிரமாதமாகச் சேருகிறது, எழுதியவருக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள் என்று பாதிப் பேர் எழுதினார்கள். கறைத் துணியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒவ்வொன்றையும் அவளுக்கு அனுப்பினார். உடனே அனுப்பினார் என்று சொல்ல முடியாது. சிலது இரண்டு மூன்று நாள் அவரிடமே கிடந்தது. மிக நன்றாக எழுதப்பட்டவைதான் அதிக நாள் கிடந்தன. "இன்னும் அனுப்பலையா?" என்று மனைவி கேட்டால், "அனுப்பறேன், அனுப்பறேன்," என்பார். பிறகு அனுப்பிவிடுவார்.

அடுத்த மாதம் ஹெட்போனிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. கருநிறத் துணிகளில் நிழலைக் கறை என்று மிச்சம் தவறாக எடுத்துக்கொள்கிறது, இப்படி மாற்றினால் சரியாகும் என்று எழுதி, மாற்றிய வரிகளையும் வைத்திருந்தாள். அவர் ஒரு மழைக்காலம் முழுக்க எழுதிய பகுதி அது. அவள் எங்காவது தடுக்கியிருக்க மாட்டாளா என்று வரி வரியாகப் படித்தார். கருப்பு, கருநீலம், அடர்பச்சை என்று அக்காவின் கூடத்தில் எடுத்த படங்களை எல்லாம் போட்டு ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சரியாக வந்தது. ஒரு இடத்தில் ஒரு சொல்லில் எழுத்துப் பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அற்பமான ஒரு சந்தோஷம். அதைத் திருத்தினார். மற்றதை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

பிறகு போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். இனிமேல் திருத்தங்களை அவளே நேராகச் சேர்க்கலாம், தன் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை, காதில் ஹெட்போனை மாட்டியிருப்பாள். வைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.